கதாநாயகன் இல்லாத பாட்டு

தமிழில் பாட்டு கேட்க இதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. இப்படிச் சொன்னால் என் வயதுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். "எண்பதுகளில் இளையராஜா போட்டாரே, அதைவிடவா?" என்கிறார்கள். ராஜா பாட்டு இல்லாமல் எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை விடியாது, அதில் எனக்கு யாரோடும் வழக்கில்லை. என் குறை வேறு. எஸ்.பி.பி. உருகி உருகிப் பாடுவார். திரையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மோகன் வாயசைப்பார். ஊர் அவருக்கு மைக் மோகன் என்று பெயர் வைக்கும். அந்தப் பாட்டு யாருடையது என்று கேட்டால் நாம் சொல்வது படத்தின் பெயரை. இப்போது நான் பைத்தியமாகக் கேட்கிற பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் படமே கிடையாது. பாடுகிறவர் தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் கதையைப் பாடுகிறார். இதற்குத்தான் நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து காத்திருந்தேன்!

இந்தப் பசி ஜொகூர் மண்ணால் வந்தது. மலேசிய ராக் இசையின் பெரிய பெயரான 'சர்ச்' குழு 1981-இல் எங்கள் ஜொகூர் பாருவில்தான் உருவானது. 1985-இல் 'சிந்தா புவாத்தான் மலேசியா' என்ற முதல் ஆல்பம். 1989-இல் 'ஃபெனோமெனா'. அதில் வந்த 'இசபெல்லா' மலேசியாவோடு நிற்காமல் இந்தோனேசியாவையும் சேர்த்து ஆட்டிவைத்தது. எங்கள் வகுப்பில் மலாய்ப் பையன், சீனப் பையன், தமிழ்ப் பையன் எல்லாருக்கும் அது மனப்பாடம். பாடகர் ஏமி தொண்டையைக் கிழித்துக்கொண்டு மேலே போகும் இடத்தில், மேசையைத் தட்டிக்கொண்டு நாங்களும் போவோம். வாத்தியாரின் பிரம்பு அதற்கப்புறம் வரும்.

சர்ச் பையன்களின் நீள முடி கதை தெரியுமா? 1992-இல் முடி வளர்த்த ராக்கர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியில் இடமில்லை என்று தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் சொல்லிவிட்டார். அவரும் ஜொகூர்க்காரர், அப்போது பூலாய் நாடாளுமன்ற உறுப்பினர். கடைசியில் ஊரறிய முடியை வெட்டிக்கொண்டுதான் அவர்கள் திரும்பி வந்தார்கள். வீட்டில் அப்பா அதைக் காட்டிக் காட்டியே எனக்கும் முடிவெட்டக் காசு கொடுத்தார்.

நாலைந்து பேர், கையில் கிட்டார், தங்கள் பாட்டைத் தாங்களே போடுகிறார்கள், தாங்களே பாடுகிறார்கள். கதாநாயகன் வேண்டாம், கதை வேண்டாம். அது ஏன் தமிழில் இல்லை என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய ஏக்கம். 'அலிகேட்ஸ்' இருந்தார்கள், பினாங்கின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள். அந்தப் பெரிய சுருட்டை முடியும் லோகாவின் குரலும் நாடறிந்தவை. லோகா 2007-இல் காலமானபோது எல்லா இனத்தாரும் அழுதார்கள். ஆள் நம்மாள், பாட்டு மலாய். பெருமையாகவும் இருக்கும், உள்ளே கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

பிறகு 2006. 'யோகி பி அண்ட் நட்சத்ரா' குழுவின் 'வல்லவன்' ஆல்பம். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் சேர்ந்து, 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்துத் தங்கள் ராப்பை அதன் நடுவில் குடியமர்த்தினார்கள். யோகி பி அதற்கு முன்பே 'பொயட்டிக் அம்மோ' குழுவில் ஆங்கிலம், மலாய், தமிழ் எல்லாம் கலந்து கலக்கியவர்தான். ஆனாலும் இது வேறு. ராப் என்றால் அமெரிக்கக்காரன் சமாச்சாரம் என்றிருந்த சென்னையே திரும்பிப் பார்த்தது. தனுஷின் 'ஆடுகளம்', அஜித்தின் 'விவேகம்' என்று தமிழ்நாட்டுப் படங்கள் யோகி பியைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தன. 2016-இல் 'கபாலி' வந்தபோது அதிலும் நம்ம ரோஷன் ஜாம்ராக் ராப். தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டுக்கு ஏற்றுமதி செய்த நாடு இது என்று நான் மார் தட்டிக்கொள்வேன். யாரும் மறுத்ததில்லை, மறுத்தால் விடமாட்டேன்.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஹிப்ஹாப் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு என் காரணம் ஒன்று உண்டு: உறுமி. இங்கே கோயில் திருவிழா என்றால், தைப்பூசம் என்றால், உறுமி மேளக் குழு இல்லாமல் காவடி நகராது. பதினைந்து பதினாறு வயசுப் பையன்கள் ஒரே நிறச் சட்டையில் நிற்பார்கள். ஒருவன் உறுமியை இடுப்புக்குக் குறுக்கே தொங்கவிட்டு, வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்ப்பான். மறுகையில் உள்ள குச்சி அடுத்த பக்கத்தை அடிக்கும். தேய்க்கும்போது வருகிற அந்த 'ஊம்ம்' காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வந்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்தால் தோல் அதிர்வது கண்ணுக்கே தெரியும். இந்தச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு ஹிப்ஹாப்பின் பேஸ் புதுசா என்ன?

சரி, இப்போதைய சரக்குக்கு வருகிறேன்.

நான் தினமும் லார்கினில் 170-ஆம் எண் பேருந்து ஏறிப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். 1924-இல் திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் காலையில் அதைக் கடப்பதற்குள் ஓர் ஆல்பம் கேட்டு முடித்துவிடலாம். அக்கரையின் ஒலி 96.8 வானொலி இக்கரையிலும் எடுக்கும். மின்னலும் ராகாவும் நம்முடையவை. அதற்கு மேல் கைப்பேசி. புதிதாக வரப்போகும் ஆர்டிஎஸ் ரயில் ஐந்தே நிமிடத்தில் கொண்டுபோய்விடுமாம். எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒரு பாட்டுக்கு மேல் முடியாது!

அந்தப் பேருந்தில் என்னை முதலில் கவிழ்த்தவர் சாய் அபயங்கர். பாடகர்கள் திப்பு, ஹரிணி பெற்ற பிள்ளை. 2024 தொடக்கத்தில் 'கட்சி சேர', அதே ஆண்டு நடுவில் சகோதரி ஸ்மிருதியோடு 'ஆச கூட', 2025 தொடக்கத்தில் 'சித்திர புத்திரி'. மூன்றுமே தனிப்பாட்டு, மூன்றுமே ஊரைக் கலக்கியவை. 'ஆச கூட' வந்த புதிதில் எங்கள் தாமானில் எந்த வீட்டைக் கடந்தாலும் அதுதான் கேட்டது. என் தேர்வு இன்னமும் 'கட்சி சேர'. மெட்டு உட்கார விடாது, தாளம் ஓட விடாது, நடுவில் நின்று தவிக்க வேண்டும். படத்துக்கு இசையமைக்க ஆரம்பித்துவிட்டார், 'டியூட்' வந்தது, பாட்டுகளும் ஓடின. எனக்கு மட்டும் உள்ளூர ஒரு பயம்: தம்பி, படம் பண்ணுங்க, வேண்டாங்கல, ஆனா வருஷத்துக்கு ஒரு தனிப்பாட்டாவது எங்களுக்குக் கொடுத்துடுங்க.

சாய் என்னைக் கவிழ்த்தார் என்றால் பிரியா ரகு என்னைக் குடியே பெயர்த்துவிட்டார். ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குச் சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். விமான நிறுவனத்தில் பாகங்கள் வாங்கும் வேலை பார்த்துக்கொண்டே, அண்ணன் இசையமைக்கப் பாடியவர். அண்ணன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஜாஃப்னா கோல்ட்'. பெயரைக் கேட்டவுடனேயே எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போயிற்று! 2021-இல் வந்தது 'டாம்ன்ஷீஸ்டமில்' என்ற தொகுப்பு. அதில் 'கமலி' என்றொரு பாட்டு; மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டிய சிறுமி கமலியைப் பற்றிய ஆவணப்படம் பார்த்து எழுந்தது. 2023-இல் முழு ஆல்பம், பெயர் 'சந்தோசம்'.

'சந்தோசம்' ஆல்பத்தை நான் எத்தனை பேரிடம் விற்றிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. விற்றேன் என்றால் காசு வாங்கவில்லை, கழுத்தில் கத்தி வைத்துக் கேட்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் பாடிக்கொண்டே போவார், ஆர் அண்ட் பி பாட்டு என்று நாம் சாய்ந்து உட்கார்வோம். திடீரென்று 'ஆடலாம் வா' என்று தமிழ் வந்து விழும். மொழி மாறிய இடத்தில் தையல் தெரியாது. ஏனென்றால் அவர் வீட்டில் பேசுவதே அப்படித்தான், நம் பிள்ளைகள் இங்கே மலாயும் ஆங்கிலமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுவது மாதிரி. பின்னால் ஓடும் தாளத்தில் டப்பாங்குத்தும் இருக்கும், லண்டன் கிளப்பும் இருக்கும், இரண்டும் அடித்துக்கொள்ளாது. எங்கோ ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வளர்ந்த பெண்ணின் பாட்டை, ஜொகூர் நீரிணைக்கு மேல் நெரிசலில் நின்றுகொண்டு, 'இது நம்ம வீட்டுப் பாட்டு' என்று நான் நினைக்கிறேனே, இது எப்படி நடந்தது?

பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் யங் ராஜா. 2018-இல் 'பூரி கேங்', அப்புறம் 'முஸ்தபா', 2021-இல் 'மாமி'. தமிழும் ஆங்கிலமும் கலந்த ராப், சட்டையெல்லாம் பளபளப்பு, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. இவருடைய பாட்டில் ஆழம் எங்கே என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆழம் வேண்டுமென்றால் கிணற்றைப் பாருங்கள் சார். ரொட்டி சானாய்க் கடையில் மேசை துடைக்கிற தம்பியும் பேங்கில் வேலை பார்க்கிற பெண்ணும் ஒரே வரியை ஒரே வேகத்தில் சொல்கிறார்கள் என்றால் எனக்கு அது போதும். மெல்லிசை வேண்டுவோர்க்கு அதே ஊரின் ஸ்டீபன் சக்கரியாவின் 'அடி பெண்ணே' இருக்கிறது. என் மனைவியின் கட்சி அது.

ஆழம் வேண்டுமா? ராப் பாடகர் அறிவு இருக்கிறார். 2021-இல் பாடகி தீயோடு 'எஞ்சாயி எஞ்சாமி' பாடியபோதே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளை உலகத்துக்குக் காட்டிவிட்டார். 2024-இல் அவர் போட்ட ஆல்பத்தின் பெயரே 'வள்ளியம்மா பேராண்டி'. இந்தப் பெயரை ஜொகூரில் யாருக்கும் விளக்கவே வேண்டாம். ரெங்கம், லாயாங் லாயாங், உலு திராம் என்று எந்தப் பக்கம் போனாலும் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிய ஒரு வள்ளியம்மா இருந்திருப்பார். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போனவர்கள். இப்போது அங்கெல்லாம் செம்பனை, அல்லது தாமான் வீடுகள். என் அம்மாவுக்கு ராப் என்றால் ஆகாது, 'என்னடா திட்டுறானா பாடுறானா' என்பார். 'எஞ்சாமி' வந்தபோது மட்டும் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

கடைசியாக ராக். என் முதல் காதல். பெங்களூரின் 'அகம்' குழு 2025-இல் 'அரைவல் ஆஃப் தி எத்தீரியல்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தது. தியாகராஜரின் 'மோக்ஷமு கலதா' சாரமதி ராகத்தில் வரும். சேர்ந்திசையோடு, ஷ்ரேயா கோஷலின் குரலில். கீர்த்தனை தெலுங்கு, கிட்டார் ராக், எனக்கு இரண்டுமே முழுசாகப் புரியாது, ஆனால் மயிர்க்கூச்செறிந்தது. பழசிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் 2012-இன் 'தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்' ஆல்பத்தில் உள்ள தனஸ்ரீ தில்லானா. ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் சுரங்களை உதிர்க்க உதிர்க்க டிரம்ஸ் துரத்திக்கொண்டு வரும். கச்சேரி ரசிகர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். 1989-இல் மேசை தட்டிய கை இப்போது பேருந்துக் கம்பியைத் தட்டுகிறது. பக்கத்தில் நிற்பவர் தள்ளி நிற்கிறார்.

என் அக்கா மகன் ஸ்கூடாயில் படிக்கிறான். "மாமா, நாங்களே ஒரு பேண்ட் ஆரம்பிச்சிருக்கோம்" என்று ஒருநாள் வந்து நின்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர். முன்னறையில் டிரம்ஸ், சோபாவுக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர், பூசை அறைக்குப் பக்கத்தில் உறுமி. ஆமாம், உறுமி! கிட்டாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு உறுமி தேய்க்கிறான் ஒரு பொடியன், வரிகளும் அவர்களே எழுதியவை. சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் கதவைத் தட்டினார், திட்டப் போகிறார் என்று நடுங்கினோம். 'இசபெல்லா' வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். வாசித்தார்கள். அவரும் பாடினார், சுருதி அவருடையது.

இப்போது ஒரே ஒரு சிக்கல், பேஸ் கிட்டார் வாசித்த பையன் வேலைக்காகக் கோலாலம்பூர் போய்விட்டான். ஸ்கூடாய், கூலாய், மாசாய் பக்கம் பேஸ் வாசிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒத்திகை சனிக்கிழமை சாயங்காலம். சாப்பாடு எங்கள் வீட்டில்.