பலெர்மோவில் ஒரு பகல்

சிசிலித் தீவின் பலெர்மோவில் ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறதென்றால், காலையில் நேராக நார்மன் அரண்மனைக்குப் போய்விட வேண்டும். அதனுள்ளே, 12ஆம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் ரோஜர் கட்டிய பாலத்தீன் சிற்றாலயம். சுவரெங்கும் தங்கம் மின்னும் பைசாந்திய மொசைக். வருகிறவர்கள் கண் அதிலேயே நின்றுவிடுகிறது. எனக்கோ, கழுத்து வலித்தாலும் அலுக்காதது மேலே உள்ள மரக்கூரைதான். தேன்கூடுபோல அடுக்கடுக்காகத் தொங்கும் மடிப்புகளில் இஸ்லாமியக் கலைஞர்கள் இசைவாணரையும் மது அருந்துவோரையும் தீட்டியிருக்கிறார்கள். கிறிஸ்தவ மன்னரின் வழிபாட்டுக் கூடத்தில் அரபு எழுத்தில் வாழ்த்துகள்!

பசித்ததும் பல்லாரோ சந்தை. அங்கே பனெல்லே சாப்பிடாமல் திரும்பக் கூடாது. கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் பார்ஸ்லித் தழையும் சேர்த்து, கட்டி தட்டாமல் களியாகக் கிண்டுகிறார்கள். ஆறியதும் மெல்லிய வில்லைகளாக்கி எண்ணெயில் பொரிக்கிறார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் வாயில் கரையும் மென்மை. எள் தூவிய பன்னுக்குள் நாலைந்து வைத்து, எலுமிச்சை பிழிந்து, சூடு ஆறுமுன் நின்றபடியே தின்றுவிட வேண்டும்.

மாலையில் பெல்லெக்ரீனோ மலை. 1624இல் பரவிய கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று நம்பப்படும் புனித ரொசாலியாவின் குகைக் கோயில் அங்கிருக்கிறது. பலெர்மோவில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள், இந்துக்களும்கூட, ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே மலையேறி வருகிறார்கள். பாறைக்கூரையில் சொட்டுச் சொட்டாய்க் கசியும் நீரைத் தகர வடிகால்கள் ஏந்திக் கொண்டுபோகின்றன.