தகப்பன் குறுக்கிடும் இடம்

லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கெட்ட குமாரன், ஊர் திரும்புமுன்பே பேசவேண்டியதைத் தயார் செய்துகொள்கிறான். பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். தகப்பன் முன்னால் முதல் இரண்டைத்தான் சொல்ல முடிகிறது. கூலி வேலை கேட்பதற்குள் அவர் வேலைக்காரரைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மன்னிப்பைப் பாடும் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுகளை நிறுக்க எனக்கு இந்த இடமே எடைக்கல். பாட்டில் தகப்பன் குறுக்கிடுகிறாரா, மகனே பேசி முடிக்கிறானா?

மூத்த மரபு ஞானப்பாட்டு. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபின் லுத்தரன் மிஷனரிகள் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார்கள். வேப்பேரி பப்ரிசியஸ் அவர்களில் தலையாயவர். கிரியையால் அல்ல, கிருபையால் என்னும் போதனையில் பிசகில்லை. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து தடுக்கும், அதுதான் சங்கடம்.

அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது கீர்த்தனை. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அதன் பெரும்புலவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் விசுவாசத்தையே குறி சொல்லும் குறத்தியாக்கியவர் அவர். கீர்த்தனையின் கட்டுமானமே மன்னிப்புக்கு இசைவானது. சரணம் எத்தனை பாவத்தை எடுத்துச் சொன்னாலும் பாடுகிறவர் பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும். பல்லவியில் இரக்கம் இருந்துவிட்டால், அறிக்கை முடிவதற்குள் பதில் வந்துவிடுகிறது. 51ஆம் சங்கீதத்திலும் இரக்கம் முதலில், பாவம் பிறகு. லெந்து நாட்களில் நேரத்தை மிச்சப்படுத்தச் சரணங்களை ஒரே மூச்சில் பாடிவிட்டுப் பல்லவியைக் கடைசிக்குத் தள்ளும் பாடகர் குழுக்கள், பாட்டின் பொருளையே மாற்றிவிடுகின்றன.

(மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. கத்தோலிக்கரான அவர் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகக் கீர்த்தனை செய்தவர்.)

காப்பிய மரபில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை மிஞ்ச ஆளில்லை. திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்தார். கம்பனில் ஊறிய நடை. சரணாகதியை அறிந்த மனம். இயேசு கட்டுண்டு நிற்கும் இடத்தில், அவரைப் பிணித்திருப்பது கயிறு என்று எண்ணவேண்டாம், பகைத்தவர்மேல் அவர் வைத்த நேசமே என்கிறார். பகைவர் இன்னும் மனம் திரும்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நிபந்தனையற்ற அன்பை விளக்கும் பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறேன். இந்தச் செய்யுளின் பக்கத்தில் அவை வைக்கத்தக்கவை அல்ல.

இன்றைய மேடைப் பாடல்களில் குறை வேறுவிதம். அன்பு வரிக்கு வரி வருகிறது. பாவம் என்ற பேச்சே பலவற்றில் இல்லை. குறுக்கிடத் தகப்பன் தயார்தான், மகன் வாயைத் திறப்பதில்லை.