பினாங்குச் சாலையும் அரும்பொருளகமும்: ஒரு மதிப்பீடு

அரும்பொருளகத்தின் தகுதியை அதிலுள்ள பொருள்களைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது. அப்பொருள்களுக்கு உரியோர் அங்கு வருகின்றனரா என்பதும் அளவுகோலாகும். இதனைக் கொண்டு பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நோக்குவோம்.

முன்னர்ப் 'பிட் தெரு' என வழங்கிய இச்சாலையில், தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் மைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசலும் குவான் யின் கோயிலும் உள்ளன. 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் அருகிலேயே உள்ளது. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுடைமையாக ஏற்றது. ஆயின், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கியதால், பழங்குடியிருப்பாளர் பலர் அதற்குள் வெளியேறிவிட்டனர். கட்டடங்கள் காக்கப்பட்டன; அவற்றின் நினைவைச் சுமந்தோர் சிதறினர்.

கேப் டவுனில் 1994இல் திறக்கப்பட்ட 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' அரும்பொருளகம் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. இனவொதுக்கல் ஆட்சியால் வெளியேற்றப்பட்டோர், அங்குத் தரையில் விரிக்கப்பட்ட வரைபடத்தில் தம் வீடிருந்த இடத்தைத் தாமே குறித்தனர். பார்வையாளரே வரலாற்றாசிரியராயினர். காரணம் வேறாயினும் இவ்வழி நமக்கும் பொருந்தும்.

பூக்கட்டுவோர், நாணயமாற்று வணிகர், வெளியேறிய குடும்பத்தார் ஆகியோரை அழைத்து, அவர்தம் நினைவுகளைத் தமிழிலேயே பதிவுசெய்தல் வேண்டும். 'கெலிங்' என்னும் சொல் ஒருகால் பெற்றிருந்த மதிப்பையும் பின்னர் அதில் படிந்த இழிவையும் விளக்கத் தக்கோர் அவர்களே. தமிழாசிரியர்கள் மாணவரோடு அவர்தம் பாட்டன் பாட்டியரையும் அழைத்துச் செல்வாராயின், அப்பணி நம்மிடமிருந்தே தொடங்கும்.