கண்ணாடியில் காணும் முகம்

கடன் வாங்கிய ஒளியால் விளங்கும் சந்திரனைத் தேவியாக்கி, கண்ணாடியை அவள் கையில் கொடுக்கும் மறைஞானக் கதைகள் மேனாட்டில் இந்நாளில் புனையப்படுகின்றன. தன்னையே உற்றுநோக்குதல் அங்கே பக்தியாகிறது. இவற்றை மறுப்பது எளிது. ஆயின், போப் ஐயர் குருமடம் நடத்திய சாயர்புரத்தில் நின்று தெற்கே நோக்கினால், நாம் விடைகூற வேண்டிய வேறொரு கண்ணாடி உண்டு.

சாமித்தோப்பில் அய்யாவழியினர் சிலைக்கு முன் அல்ல, கண்ணாடிக்கு முன் வணங்குகின்றனர். 1851இல் மறைந்த அய்யா வைகுண்டரின் வழியில் ஆண்கள் தலைப்பாகை அணிந்தே வழிபடுகின்றனர். திருவிதாங்கூரில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டோருக்கு அக்கண்ணாடி இழந்த முகத்தைத் திருப்பித் தந்தது. நாராயண குருவும் 1927இல் களவங்கோடத்தில் கண்ணாடியையே நிறுவினார். இதனைத் தற்பூசை எனத் தள்ளுவது நேர்மையன்று.

எனினும் ஒன்று கேட்போம்: கண்ணாடி நம் மேன்மையைக் காட்டும், நம் பாவத்தை மன்னிக்குமா? பவுல் கூறும் கண்ணாடியில் (2 கொரி. 3:18) காணப்படுவது கர்த்தருடைய மகிமை, காண்போர் மாற்றம் பெறுகின்றனர். யாக்கோபோ, தன் முகத்தைக் கண்டும் அதனை மறந்து போகிறவனைக் கண்டிக்கிறார். அவ்வெச்சரிப்பு முதலில் நமக்கே உரியது. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் சபை, சாமித்தோப்பின் கண்ணாடிமுன் எந்த முகத்தோடு நிற்கும்?