நாலு ஓட்டில் விழுந்த டிரேட்

2024 பிப்ரவரியில் எங்கள் ஃபேன்டஸி கூடைப்பந்து லீக்கில் ஒரு டிரேட் மறுக்கப்பட்டது. மறுத்த நாலு பேரில் நானும் ஒருவன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லீக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாவலூரிலும் சிறுசேரியிலும் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேர். பணம் கிடையாது, கடைசி இடம் பிடிப்பவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குக் காலை ஐந்தரைக்குத் தொடங்கும். கம்பெனி பஸ் வருவதற்குள் இரண்டாம் பாதி வந்துவிடும். என்.பி.ஏ. ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பிரித்துக்கொண்டு, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் எண்களை வைத்து வாரா வாரம் மோதுவோம். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், மூன்று புள்ளி வீச்சு, கள வீச்சுச் சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம், பந்தைப் பறிகொடுக்கும் டர்ன்ஓவர் என ஒன்பது கணக்குகள். அதிகக் கணக்கில் முந்துபவருக்கு அந்த வாரம்.

ஒருவர் யானிஸ் ஆன்டெட்டோகூம்போவைக் கொடுத்துவிட்டு ஃப்ரெட் வான்வ்லீட்டையும் டெரிக் வைட்டையும் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். குரூப்பில் வெடித்தது. "டேய் மச்சான், யானிஸைப் போய் எவனாவது குடுப்பானா? ரெண்டு பேரும் ஒரே ரூம்டா!" எங்கள் தளத்தின் விதிப்படி மூன்றில் ஒரு பங்கு பேர் எதிர்த்தால் போதும். நாலு ஓட்டு விழுந்தது, டிரேட் செத்தது.

பெயரை வைத்து நிறுத்தால் இது பகல் கொள்ளைதான். யானிஸ் இரண்டு முறை எம்.வி.பி.; 2021இல் மில்வாக்கிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். வைட் ஒருமுறைகூட ஆல் ஸ்டார் ஆனதில்லை. ஆனால் ஒன்பது கணக்கு லீக்கில் பெயருக்கு மதிப்பெண் இல்லை. யானிஸ் அந்த சீசனில் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் ஃப்ரீ த்ரோ வீசி, ஏறக்குறைய மூன்றில் ஒன்றைத் தவறவிட்டார். அவர் ஒருவர் இருந்தாலே அந்தக் கணக்கு கைவிட்டுப்போகும். டர்ன்ஓவரும் மூன்றுக்கு மேல். வான்வ்லீட் எட்டு அசிஸ்ட் கொடுத்தும் பந்தை இரண்டு முறைகூட இழக்காதவர். வைட் கார்டாக ஆடிக்கொண்டே ஆட்டத்துக்கு ஒரு பிளாக்குக்கு மேல் செய்தவர். ஃப்ரீ த்ரோவில் 90 சதவீதம். வாங்க வந்த ரூம்மேட்டிடம் ஏற்கெனவே ஃப்ரீ த்ரோவில் தடுமாறும் ரூடி கோபேர் இருந்தார். ஃப்ரீ த்ரோ கணக்கையே கைகழுவிவிட்டுத்தான் அவர் அணி கட்டியிருந்தார். யானிஸின் குறை அவருக்குக் குறையே இல்லை. இரண்டு பேருக்கும் லாபம்.

ஒரே ரூம் என்ற சந்தேகத்தை நான் அற்பமென்று தள்ள மாட்டேன். வாடகையைப் பங்கு போடுகிறவர்கள் அணியையும் பங்கு போடலாம். ஆனால் கூட்டுச்சதிக்கு ஒரு அடையாளம் உண்டு: ஒரு பக்கத்துக்கு எந்தப் பயனும் இருக்காது. இங்கே அப்படி இல்லை.

இந்த வழக்குக்குப் பெரிய அண்ணன் ஒன்று உண்டு. 2011 டிசம்பர் 8. அன்றுதான் என்.பி.ஏ. கதவடைப்பு முடிந்து புதிய ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அன்றே நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸின் கிறிஸ் பாலை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுக்கும் மூன்று அணி டிரேட் பேசி முடிந்தது. பாவ் கசோல் ஹூஸ்டனுக்கு. நியூ ஆர்லியன்ஸுக்கு லமார் ஓடம், கெவின் மார்ட்டின், லூயிஸ் ஸ்கோலா, கோரன் டிராகிச், கூடவே புது ஆட்டக்காரரை எடுக்க ஒரு முதல் சுற்றுத் தேர்வு. சில மணி நேரத்தில் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் அதை ரத்து செய்தார். சொன்ன காரணம், கூடைப்பந்துக் காரணங்கள்.

ஸ்டெர்ன் பக்கம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. 2010 டிசம்பரில் ஹார்னெட்ஸை என்.பி.ஏ.வே வாங்கியிருந்தது. ஆகவே அவர் கமிஷனராக மறுக்கவில்லை, முதலாளியின் இடத்திலிருந்து மறுத்தார். மேலாளர் கொண்டுவரும் டிரேடை முதலாளி வேண்டாம் என்பது எந்த அணியிலும் நடப்பதுதானே? சட்டப்படி சரி. ஆனால் அந்த முதலாளி யார்? மற்ற 29 அணிகளின் உரிமையாளர்கள். களத்தில் எதிரிகள், கணக்கில் பங்காளிகள். கிளீவ்லேண்ட் உரிமையாளர் டான் கில்பர்ட் அன்று ஸ்டெர்னுக்கு எழுதிய கடிதத்தில் இதை அந்த 29 பேரின் ஓட்டுக்கு விட வேண்டும் என்றே கேட்டார். மற்ற முதலாளிகளின் பேச்சைக் கேட்டு மறுக்கவில்லை என்று ஸ்டெர்ன் பிறகும் சாதித்தார். இருக்கட்டும். மேலாளர் டெல் டெம்ப்ஸைப் பேசி முடிக்க விட்டுவிட்டுக் கடைசியில் கையை வெட்டியதற்கு அந்தப் பதில் போதாது.

சரக்காவது மட்டமா? ஓடம் அதற்கு முந்தைய சீசனின் சிறந்த மாற்று ஆட்டக்காரர். மார்ட்டின் ஆட்டத்துக்கு 23 புள்ளிக்கு மேல், ஸ்கோலா 18. பால் அடுத்த ஆண்டே ஒப்பந்தத்தை விட்டு வெளியேறக்கூடியவர். அன்றைய தராசில் இது நல்ல விலை.

ஸ்டெர்னின் ஆதரவாளர்கள் பின்னால் நடந்ததைக் காட்டுவார்கள். ஆறு நாளில் பால் கிளிப்பர்ஸுக்குப் போனார்; எரிக் கார்டன், கிறிஸ் கேமன், அமினு, ஒரு முதல் சுற்றுத் தேர்வு வந்தன. ஓடம் டல்லாஸில் சரிந்தார். ஹார்னெட்ஸ் 21 வெற்றி, 45 தோல்வி என்று விழுந்து, புது ஆட்டக்காரர்களை எடுக்கும் வரிசைக்கான லாட்டரியில் முதல் இடம் பெற்று ஆன்டனி டேவிஸை எடுத்தது. ஆனால் அந்த லாட்டரியில் அதிக வாய்ப்பு ஷார்லட்டுக்குத்தான் இருந்தது. கார்டனோ அந்த சீசனில் ஆடியது ஒன்பதே ஆட்டம். சீட்டு விழுந்த அதிர்ஷ்டத்தைத் தீர்ப்பின் நியாயமாக எழுதிக்கொள்ள முடியாது.

மறுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2010இல் ரவீந்திர ஜடேஜா, ராஜஸ்தான் ராயல்ஸ் விடுவிக்கும் முன்பே வேறு அணியோடு பேரம் பேசினார் என்று ஐ.பி.எல். அவரை ஒரு சீசன் தடை செய்தது. 21 வயதுப் பையனுக்குக் கொஞ்சம் கடுமைதான், ஆனாலும் அங்கே மீறப்பட்டது எழுதிவைத்த விதி. 2025 நவம்பரில் அதே ஜடேஜாவை சென்னை ராஜஸ்தானுக்கே கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது டீக்கடை டீக்கடையாக ஒப்பாரி வைத்தோம். யாருக்காவது அதை மறுக்கும் உரிமை இருந்திருக்க வேண்டுமா? கூடாது. தப்பான வியாபாரம் செய்யவும் ஓர் அணிக்கு உரிமை உண்டு.

இனி எங்கள் நாலு ஓட்டு. ஒருவர் அந்த வாரம் யானிஸை வாங்கவிருந்தவரோடு மோத வேண்டியவர். இன்னொருவர் யானிஸுக்குத் தானே விலை பேசி ஏமாந்தவர். மூன்றாமவர் பட்டியலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. நான் இரண்டாம் இடத்தில் இருந்தேன். வாங்க வந்தவர் மூன்றாம் இடத்தில். ரூம்மேட் சந்தேகம் எனக்கு ஓட்டுப் போட்ட பிறகுதான் தோன்றியது.

அந்த மறுப்பு அநியாயம். ரூம்மேட்டுகள் இருவரிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த சீசனிலிருந்து எங்கள் லீக்கில் ஓட்டு முறை இல்லை. மறுக்க நினைப்பவர் காரணத்தைப் பெயர் போட்டுக் குரூப்பில் எழுத வேண்டும். இதுவரை ஒருவரும் எழுதவில்லை.