கடற்கரைச் சாயங்காலம்: மெரினாவும் காலிமுகத்திடலும்

சென்னைக்கு விருந்தாளி வந்தால் சாயங்காலம் மெரினாவுக்கு அழைத்துப் போவோம். கொழும்பில் காலிமுகத்திடல். நுழைவுச்சீட்டு இல்லை, குழந்தைகள் இஷ்டத்துக்கு ஓடலாம், வாய்க்கு ஏதாவது கிடைக்கும். இரண்டு ஊரிலும் ஏழைக்கும் பணக்காரருக்கும் பொதுவான பொழுதுபோக்கு இது ஒன்றுதான். ஆனால் எந்த நேரத்துக்குப் போகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், என்ன தின்கிறார்கள் என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு. அந்தந்த ஊர் ருசி என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். எனக்கென்னவோ, நாக்கைவிட மணலுக்கும் சூரியனுக்கும் இதில் பங்கு அதிகம் என்று படுகிறது.

மெரினா கிழக்குக் கரை. சூரியன் மறைவது நம் முதுகுக்குப் பின்னால், திருவல்லிக்கேணி மாடிகளுக்கு அப்பால். அதைப் பார்க்க யாரும் மெனக்கெட்டு வருவதில்லை. காற்று வாங்க வருகிறார்கள். மே மாதத்தில் வீட்டுச் சுவர் கொதிக்கும்போது கடற்காற்றைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. ஆகவே நேரக் கணக்கும் இல்லை. ஆறு மணிக்கும் வரலாம், சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கும் வரலாம். கொழும்பிலோ சூரியன் கண்ணெதிரே கடலுக்குள் இறங்குகிறது, வருஷம் முழுக்க ஆறு மணியைச் சுற்றியே. ஐந்தரைக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடும். காதலர்கள் குடையை விரித்துக்கொண்டு ஒரு பக்கம், பட்டம் விடும் அப்பாமார் ஒரு பக்கம். நேரம் நெருங்கினால் எல்லாரும் மேற்கே திரும்பிவிடுவார்கள். கொறிக்கிற வேலை அதற்குப் பிறகுதான் மும்முரமாகும்.

அடுத்தது மணல். மெரினாவில் உலாவும் சாலையை அமைத்து அந்தப் பெயரையும் வைத்தவர் ஆளுநர் கிராண்ட் டஃப், 1884-இல். அன்று கடல் சாலைக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்துவிட்டன. தடுபட்ட மணல் தெற்கே குவிந்து குவிந்து, இன்றைக்குச் சாலையில் இறங்கினால் அலையைத் தொடச் சில நூறு மீட்டர் கால் புதையப் புதைய நடக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய மணல்வெளியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களிடம் யார் போவது? விற்கிறவன்தான் போக வேண்டும். சுண்டலின் இலக்கணமே இதில் இருக்கிறது. முந்தின இரவு ஊறவைத்த பட்டாணியை வேகவைத்து, கடுகு கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவலும் மாங்காய்ப் பொடிசும் போட்டுக் கிளறி, எவர்சில்வர் தூக்கில் நிரப்பினால் வேலை முடிந்தது. அடுப்பு வேண்டாம், தட்டு வேண்டாம், ஒரு பொட்டலக் காகிதம் போதும். ஆறினாலும் கெடாது. தூக்கிக்கொண்டு அலை வரைக்கும் நடக்கலாம். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை அப்படித் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? அதனால்தான் பஜ்ஜிக் கடைகள் உள்ளே தள்ளி, வரிசையாக ஒரே இடத்தில் நிற்கின்றன. விரல் பருமன் பஜ்ஜி மிளகாயையும் வாழைக்காயையும் தட்டில் அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் கை காட்டியதை மாவில் தோய்த்துப் போடுவார்கள். மசாலா தடவிய வஞ்சிரமும் சங்கராவும் சிவக்கச் சிவக்கக் காத்திருக்கும் மீன் கடைகளும் உண்டு. இருந்தாலும் மெரினா என்றதும் நாக்கில் வருவது சுண்டல்தான்.

காலிமுகத்திடலை அமைத்தவர் ஆளுநர் ஹென்றி வார்ட். 1856-இல் தொடங்கி 1859-இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைக் காப்பாற்றும்படி தமக்குப் பின் வருவோருக்குச் சொல்லும் கல் இன்னும் அங்கே நிற்கிறது. அரை கிலோமீட்டர் நீளம். புல்வெளி, நடைபாதை, சுவர், உடனே கடல். மணல் என்று சொல்லும்படி அதிகம் இல்லை. கால் நீட்டி உட்காருவது புல்லில். கடலைப் பார்க்க வேண்டுமானால் சுவரோரம். ஆகவே வண்டிகள் கரையோரம் வரிசை கட்டி நிற்க, ஜனம் அவற்றைத் தேடிப் போகிறது. நின்ற இடத்தில் நிற்கும் வண்டிக்குக் கண்ணாடிப் பெட்டியும் அடுப்பும் கட்டுப்படியாகும். இஸ்ஸோ வடை பிறந்து வாழத் தோதான இடம் அது.

பருப்பு வடைதான்; ஆனால் உள்ளங்கை அளவுக்குத் தட்டி, மேலே ஓட்டோடு இரண்டு மூன்று இறாலைப் பதித்துப் பொரித்திருப்பார்கள். பெட்டிக்குள் செம்மஞ்சளாக அடுக்கியிருக்கும். கேட்டதும் எடுத்து, துண்டு போட்டு, வெங்காயமும் காரச் சாறும் போட்டுத் தருவார்கள். ஓட்டை உரிக்க வேண்டியதில்லை, மொறுமொறுவென்று கடிபடும். சில வண்டிகளில் முழு நண்டே வடை மேல் உட்கார்ந்திருக்கும். அதை நின்றுகொண்டு தின்னத் தனித் திறமை வேண்டும். பக்கத்திலேயே மிளகாய்த் தூளும் உப்பும் பிரட்டிய அன்னாசி, மாங்காய். இருட்டினால் கொத்து ரொட்டிக் கல்லில் தகடு தாளம் போடும் சத்தம் கேட்கும்.

கடல் பார்த்து முடித்தபின் சாப்பாடு. சென்னையில் நடக்கிற தூரத்தில் திருவல்லிக்கேணி. 1948 முதல் இயங்கும் ரத்னா கஃபேயில் இட்லி கண்ணில் படாதபடி சாம்பார் ஊற்றுவார்கள். கொழும்பில் வெள்ளவத்தைக்கோ புறக்கோட்டைக்கோ போகலாம். அங்கே பல கடைகளில் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்: உட்கார்ந்ததும், கேட்காமலே, ரோல்ஸ், கட்லட், வடை நிரம்பிய தட்டு மேசைக்கு வந்துவிடும். தின்றதை எண்ணிக் கணக்குப் போடுவார்கள், மிச்சம் திரும்பிப் போகும். சென்னையில் சர்வர் மூச்சுவிடாமல் பட்டியல் ஒப்பிக்கிறார். அண்ணா சாலையில் 1951-இல் ஹோட்டல் திறந்த ஏ.எம். புகாரி அதற்கு முன் கொழும்பில் இருந்தவர். அவர் அந்தத் தட்டு வழக்கத்தையும் கையோடு கொண்டு வந்து இங்கே பரப்பியிருக்கலாமே என்று தோன்றும்.

இந்தக் கரைகள் பொழுதுபோக்குக்கு மட்டும் பயன்பட்டன என்றும் சொல்ல முடியாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் மெரினாவில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 2022 ஏப்ரலில் அதேபோல் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் கூடாரம் போட்டு, ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போகும் வரை விடவில்லை. சும்மா உட்கார்ந்து பழகிய இடம் என்பதால்தான் இரண்டு ஊர் ஜனமும் அங்கே போனது.

இரண்டு இடமும் நெருக்கடியில் இருக்கிறது. மெரினாவில் நீதிமன்றம் வரை போய், 900 தள்ளுவண்டிகள் என்று வரம்பு கட்டி ஒதுக்கீடு நடந்தது. காணும் பொங்கலன்று கூட்டத்தில் குழந்தை தொலையாமல் இருக்கப் போலீசார் மணிக்கட்டில் பெற்றோரின் கைப்பேசி எண்ணைக் கட்டிவிடுகிறார்கள். கொழும்பில் திடலுக்கு வடக்கே கடலைத் தூர்த்து 269 ஹெக்டேரில் துறைமுக நகரம்; சாலைக்கு எதிரே நட்சத்திர ஹோட்டலும் பெரிய மாலும். வண்டிக்காரர்கள் அழகைக் கெடுக்கிறார்கள் என்று இரு ஊரிலும் முணுமுணுப்பு உண்டு. வண்டியை அப்புறப்படுத்திவிட்டால் மிஞ்சுவது நடைப்பயிற்சிப் பாதைதான். அதற்கு யாரும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், தின்பதற்குக் கொழும்பு, உட்காருவதற்குச் சென்னை. காலிமுகத்திடலுக்கு ஐந்தரைக்குள் போய்விடுங்கள். வடையைப் பெட்டியிலிருந்து வாங்காமல், சட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். மெரினாவில் அவசரமே வேண்டாம். மணலில் உட்கார்ந்தால் போதும், சுண்டல் தானாக வரும்.