கீற்றுக்குக் கீழே ஏ.சி.

வண்டலூரில் கேளம்பாக்கம் சாலைக்குத் திரும்பினாலும் சரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனாலும் சரி, 'ஃபார்ம் ஸ்டே' போர்டு கண்ணில் படாமல் போகாது. மாமரம், பசுமாடு, மண்பானைச் சமையல் என்று ஆசை காட்டும். தாம்பரத்து ஃப்ளாட்டில் வாரம் முழுக்க வெந்துபோன நாம், சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். போய் என்ன செய்கிறோம்? கதவைச் சாத்தி, ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துப் போர்த்திப் படுக்கிறோம். போன சித்திரையில் நானும் அதைத்தான் செய்தேன்.

நான் தங்கிய காட்டேஜின் வாசலில் அழகாகக் கீற்று வேய்ந்த வளைவு. அறைக்கு மேலே மட்டும் மொட்டை கான்கிரீட். மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. வயல் தெரியணுமாம். மூன்று மணி வெயில் உள்ளே இறங்கியதும் பையன் ஓடி வந்து கனமான திரையை இழுத்து மூடினான். வயலும் போச்சு. கண்ணாடிக்குக் காசு, அதை மறைக்கத் திரைக்குக் காசு, அதற்கு மேலும் உள்ளே வரும் சூட்டை விரட்ட ஏ.சி.க்குக் காசு. பி.காம். படித்த வயிறு எரியாதா?

உரிமையாளர் ரிட்டையர்ட் பேங்க்காரர். பி.எஃப். பணத்தை மொத்தமாகக் கொட்டியவர். சாப்பிட்டு முடித்ததும் கரண்ட் பில்லை எடுத்து வந்து நீட்டினார். "விருந்தாளி வர்றது வாரத்துல ரெண்டு நாள் சார். மீட்டர் ஏழு நாளும் ஓடுது. இப்படியே போனா ரெண்டு வருஷத்துல வித்துட்டுத்தான் போகணும்."

யாரும் இல்லாத ஐந்து நாளில் எது ஓடுகிறது? ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு இருவரும் சுற்றினோம். குற்றவாளி நீச்சல்குளத்துக்குப் பின்னால் அகப்பட்டான். தண்ணீரை வடிகட்டும் ஒரு குதிரைசக்தி மோட்டார், இரவு பகலாக. நாளைக்குக் கிட்டத்தட்ட பதினெட்டு யூனிட், குளிக்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இங்கே ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. இந்த மாதிரி பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் பாதியாகாது. தியரிப்படி எட்டில் ஒன்றாகிவிடும். அதே அளவு தண்ணீரை வடிகட்ட இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் செலவு நாலில் ஒரு பங்குதான். நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகும், இருக்கட்டும். வேகத்தைக் குறைக்கும் பம்ப் வாங்கக் காசு இல்லையா? முதலில் ஒரு டைமர் மாட்டுங்கள்.

மற்றதெல்லாம் தெரிந்த கதை. பழைய மின்விசிறி 75 வாட் தின்னும், புது பி.எல்.டி.சி. விசிறிக்கு முப்பது சொச்சம் போதும். கீசரைப் பற்றிப் பேசவே வேண்டாம். சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடுகிறது, அதற்கு மேல் இரண்டு கிலோவாட் கீசராம்! ஏ.சி.யில் ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் மிச்சம் என்று மத்திய மின்துறை 2018-லேயே சொன்னது. 2020 ஜனவரி முதல் புது ரூம் ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வரவேண்டும். நம் கை சும்மா இருந்தால்தானே!

எப்படிக் கட்டலாம் என்று பார்க்க ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. பெயர்த்து வந்து திரும்பக் கட்டிய பழைய வீடுகள். திண்ணை, முற்றம், தாழ்வாரம், ஓடு. மே மாத மதியத்தில் வெளியிலிருந்து அந்தத் தாழ்வாரத்துக்குள் காலை வைத்துப் பாருங்கள். அங்கே ஆரம்பத்தில் கட்டட வடிவமைப்பில் கைகொடுத்தவர் லாரி பேக்கர். காற்று நுழைய ஓட்டை விட்டுச் செங்கல் அடுக்கியே பேர் வாங்கியவர். நம் பண்ணைவீட்டுக்காரர்கள் அங்கே போகிறார்கள், ஃபோட்டோ எடுக்கிறார்கள். தூணை மட்டும் காப்பியடிக்கிறார்கள், நிழலை விட்டுவிடுகிறார்கள்.

கடலோரப் புழுக்கத்தில் முற்றம் மட்டுமே போதும் என்று நான் கதை விட மாட்டேன். ஐப்பசி ராத்திரிகூட சில நாள் வேர்த்துக் கொட்டும். வயசானவங்க, கைக்குழந்தை இருந்தால் ஏ.சி. போடத்தான் வேண்டும். மேல் தளத்துக்கு வெள்ளை அடித்து, மேற்கே இரண்டு வேப்பமரம் வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள் என்கிறேன்.

இது பேங்க்காரரின் பில்லோடு முடிகிற சமாச்சாரமும் இல்லை. நாம் சுத்தமான காற்றுக்காகத் தெற்கே வருகிறோம். நாம் பதினெட்டில் தூங்குவதற்கான கரண்டில் ஒரு பங்கு வடக்கே, அத்திப்பட்டில் நிலக்கரியை எரித்து வருகிறது. அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, எண்ணூர் மீனவர்களின் வலைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் யாரும் நம்முடைய ஃபார்ம் ஸ்டேவுக்கு வந்ததில்லை.

கிளம்பும்போது உரிமையாளர் கேட்டார். "ரூம்ல '24-ல வைங்க'ன்னு எழுதி ஒட்டினா கெஸ்ட் கோவிச்சுக்க மாட்டாங்களா சார்?"

கோவிப்பார்கள். அதனால்தான் கெஸ்ட்டைக் கேட்க வேண்டாத வேலையில் ஆரம்பிக்கச் சொன்னேன். போன வாரம் ஃபோன் பண்ணினார். மோட்டாருக்கு டைமர் மாட்டியாச்சாம். கண்ணாடிக்கு வெளியே கீற்றுப் பந்தல் போட ஆள் தேடுகிறார். கீற்று முடைய ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருக்கிறதாம்.